ஒழுகாத வியாழக்கிழமைகள்

ஜனவரி 12

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அவருக்குக் காதில் இரைச்சல், எனக்கு முழங்கால். இரண்டும் புதிதில்லை. நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமா? இதைப் போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் போனில் நீ "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே ஏதோ கோப்பைப் புரட்டுவது எனக்குக் கேட்கிறது. எழுதிக் கேட்டால் எழுதித்தானே ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். மாமா வேலை பார்க்கும் கேஸ் பிளான்ட் வாசலில் புதிதாக ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம். ஒரு கை கம்பெனி, இன்னொரு கை நீ வேலை பார்க்கும் அரசாங்கத் துறை. "மீத்தேன் கசிவைக் குறைக்கத் தன்னார்வக் கூட்டு முயற்சி" என்று கீழே எழுதியிருக்கிறது. அப்படியென்றால் என்ன என்று மாமாவைக் கேட்டேன். "யாரும் சொல்லாமலே நாங்களா நல்லது பண்றோம்னு அர்த்தம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடியிருப்புத் தெருவிளக்கு எரியாமல் ஒரு வருஷம் ஆகிறது. மனு மேல் மனு கொடுத்தும் அசையாத கம்பெனி, கேட்காமலே நல்லது செய்கிறதாம்!

இங்கே மேனேஜருக்கு 'சிரிப்பு' என்று பெயர். சம்பளம் கூட்ட முடியாது என்பதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அவரே என் தையல் கடைக்கு வந்து, பார்வையாளர்களுக்கு ஆரஞ்சு மேலாடை தைக்கச் சொன்னார். முதுகில் அந்தக் கைகுலுக்கல் படம் வர வேண்டுமாம். "நீங்க தச்சாத்தாம்மா பாக்க லட்சணமா இருக்கும்" என்றார். அந்த மனுஷன் இவ்வளவு குழைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. உனக்குத் தெரிந்த துறைதானே, என்ன நடக்கிறது என்று எழுது.

இப்படிக்கு
அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. இங்கே இருவரும் நலம். மாமாவைக் காது டாக்டரிடம் அழைத்துப் போ, தள்ளிப் போடாதே.

நீ கேட்டதற்குப் பதில். மீத்தேன் என்பது அந்தக் குழாய்களில் போகும் அதே வாயுதான். எரிந்தால் அடுப்புக்கு ஆகும். எரியாமல் நழுவினால் வானத்தில் போர்வை மாதிரி நின்று பூமியைச் சூடாக்கும். வால்வு, குழாய் இணைப்பு என்று எங்கெங்கோ கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகும், கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டும் கேமரா எங்களிடம் இருக்கிறது. முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு நாங்கள் போய்க் காட்டுவோம், கம்பெனி அடைக்கும். அபராதம் இல்லை, வழக்கு இல்லை. பிடிக்கவில்லை என்றால் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். எங்கள் டைரக்டர் சொல்வார்: "சட்டம் போட்டா கோர்ட்டுக்குப் போவாங்க. தோள்ல கை போட்டா வேலை நடக்கும்." எனக்கும் அது சரியென்றே படுகிறது. இந்தத் திட்டத்துக்காக நான் நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். நான் உன் தம்பி என்பதை அங்கே யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டாம். பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

அன்புடன்
தம்பி

பிப்ரவரி 10

தம்பிக்கு,

நீங்கள் இருவரும் நலம் என்பதில் சந்தோஷம். எங்கள் உடம்புக்கும் ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

உன் விளக்கத்தை இரண்டு தடவை படித்தேன். திருடனைப் பிடிக்க வருகிறவர், எந்த நாள் எத்தனை மணிக்கு வருகிறேன் என்று திருடனுக்கே எழுதிப் போட்டுவிட்டு வருகிறார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கோபப்படாதே.

போன வியாழக்கிழமை உங்கள் ஆட்கள் வந்தார்கள் அல்லவா? நான் தைத்த மேலாடையைப் போட்டுக்கொண்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு பிளான்ட் முழுக்கச் சுற்றினார்களாம். ஓர் இடத்தில்கூட ஒழுகவில்லையாம். எல்லோரும் கை தட்டினார்களாம். சிரிப்புக்கு வாய் மூடவே இல்லையாம்.

அதற்கு முந்தின நாள் மதியம் நடந்ததை யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? சாப்பாட்டுச் சங்கு ஊதி ஓய்ந்ததும், உள்ளே நிற்கிற உயரக் குழாயிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. ஊரில் உள்ள குக்கரெல்லாம் ஒரே நேரத்தில் விசிலடித்த மாதிரி. என் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. ஊசிப் பெட்டி மேஜையில் நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. மாமா சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நான் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை.

"என்ன பண்ணீங்க அங்க?"

"என்னது?"

"என்ன பண்ணீங்கன்னு கேட்டேன்!"

"ஏன் கத்தற? மெஷினையும் குழாயையும் காலி பண்ணச் சொன்னாங்க. வால்வைத் திறந்தேன். கேஸ் எல்லாம் மேல போயிடுச்சு."

"எதுக்கு?"

"நாளைக்கு ஆளுங்க வர்றாங்கல்ல."

காலிப் பானை எப்படித் தம்பி ஒழுகும்? சொட்டுச் சொட்டாகப் போவதை நிறுத்த வருகிறோம் என்கிறீர்கள். உங்களுக்குக் காட்டுவதற்காக இருந்ததையெல்லாம் அவர்கள் ஒரே மூச்சில் வானத்தில் கொட்டிவிட்டார்கள்.

இன்னொன்றையும் கேட்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தக் கூட்டத்தில் நீயும் இருந்தாயாம். மாமாவைப் பார்த்து "வணக்கம் சார்" என்றாயாம். அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். "அவன் ஆபீசர், அப்படித்தான் இருக்கணும்" என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கடை வாசலைத் தாண்டாமல் நீ திரும்பிப் போயிருக்க முடியாது. கடை திறந்துதான் இருந்தது.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

அன்று வராமல் போனது தப்புதான். கூட வந்தவர்கள் வேனில் காத்திருந்தார்கள். அடுத்த முறை கண்டிப்பாக வருகிறேன்.

மாமாவின் காதை நினைத்தால்தான் கவலை. அந்தச் சத்தம் எப்போதும் மதியம்தானா? ஆட்கள் வருவதற்கு முந்தின நாள் மட்டுமா, மற்ற நாட்களிலும் உண்டா? எவ்வளவு நேரம் நீடிக்கிறது? சும்மாதான் கேட்டேன். டாக்டர் கேட்டால் சொல்ல உதவும்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. இவள் உன்னை விசாரித்தாள்.

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

உன் வீட்டுக்காரியிடம் நானும் விசாரித்ததாகச் சொல். ஒத்தடத்துக்கு என் முழங்கால் மசிவதில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் பதில் இல்லை, வந்ததும் இத்தனை கேள்வி. நீ கேட்பது மாமாவின் காதுக்காகவா, உன் ஆபீஸுக்காகவா? சிறு வயதிலிருந்தே நீ "சும்மாதான் கேட்டேன்" என்றால் ஏதோ ஒன்று காணாமல் போகும். ஆனாலும் அக்கறையாய்க் கேட்கிறாயே என்று சொல்கிறேன். மற்ற நாளில் கிடையாது. இந்த மாதமும் உங்கள் ஆட்கள் வந்தார்கள், அதற்கு முந்தின நாளும் இதே கூத்து. சங்கு ஊதியதும் ஆரம்பித்தால், நான் ஒரு பேன்டுக்கு இரண்டு காலும் மடித்துத் தைத்து முடிக்கும்வரை ஓயாது. வியாழக்கிழமை மறுபடி ஒன்றும் ஒழுகவில்லை.

"இப்படிச் செய்யறது சரியாங்க?" என்று மாமாவைக் கேட்டேன்.

"மேனேஜர் சொல்றாரு, நான் திறக்கறேன். அவருக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சுதானே சொல்றாரு."

"உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்."

மேலாடைகள் துவைத்துத் தேய்க்க மறுபடி என்னிடம் வந்திருக்கின்றன. ஏப்ரல் 16 வியாழக்கிழமை வருகிறார்களாம். இதை உன் டைரக்டரிடம் நேராகப் போய்ச் சொல்லேன். சொல்வாயா?

அக்கா

ஏப்ரல் 5

அன்புள்ள அக்கா,

நலம். முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், இரண்டு வேளை தேய்.

பதினாறாம் தேதிக்கு முந்தின நாள், புதன்கிழமை, முடிந்தால் மாமாவை லீவு போடச் சொல். காது டாக்டரிடம் போய் வரட்டும்.

தம்பி

மே 9

தம்பிக்கு,

தைலம் வந்தது. திறக்கவில்லை. இந்த வீட்டில் யாரும் நன்றாக இல்லை.

அந்தப் புதன்கிழமை லீவு போடச் சொன்னேன். "ஆளுங்க வர்ற நேரத்துல லீவு கேட்டா நல்லாவா இருக்கும்? நான் இல்லன்னா யார் திறப்பா?" என்று போய்விட்டார். எப்போதும் போலத் திறந்தார். எப்போதும் போல மறுநாள் ஒன்றும் ஒழுகவில்லை.

இரண்டு வாரம் கழித்து சிரிப்பு அவரைக் கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பில்லை. மேஜை மேல் ஒரு படம். வானத்தில் சுற்றும் சாட்டிலைட் எடுத்ததாம். பிளான்ட்டுக்கு மேல் சிவப்பாகப் பெரிய மேகம், அந்தப் புதன்கிழமை மதியம். அன்று குழாயில் எந்த வேலையும் நடக்கவில்லை என்று கம்பெனி உங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்ததாம். இப்போது மாட்டிக்கொண்டார்கள்.

"வால்வைத் திறந்தது யாரு?"

"நான்தான் சார். நீங்கதானே..."

"நான் எழுதிக் குடுத்தேனா?"

"வாயால சொன்னீங்களே சார்."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. கைதவறித் திறந்திருப்பீங்க. வயசாச்சு, காதும் சரியில்ல. கைதவறிடுச்சுன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டு, உங்க விருப்பத்துலயே வேலைய விட்டுருங்க. வரவேண்டியது எல்லாம் முழுசா வரும். இல்லன்னா விசாரணை, வழக்குன்னு போகும்."

வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கம்பெனித் துணிகளையும் என் கடையிலிருந்து வாரிக்கொண்டு போய்விட்டார்கள். மாமா எந்நேரமும் கையை விரித்து விரித்துப் பார்க்கிறார். "ஒருவேளை அவர் வேற ஏதோ சொல்லி எனக்குத்தான் சரியா கேக்கலியோ?" என்று என்னையே கேட்கிறார். மூன்று தடவை சரியாகக் கேட்காமல் போகுமா தம்பி?

வானத்தில் சுற்றுகிற பொருளுக்கு அந்த நாளில், அந்த நேரத்தில், அந்த இடத்தைப் பார் என்று சொன்னது யார்? சங்கு ஊதும் நேரம் வெளியே யாருக்குத் தெரியும்? மாமாவை லீவு போடச் சொன்னது யார்?

எனக்கு நலம் விசாரிப்பெல்லாம் வேண்டாம். ஆமாம், இல்லை என்று எழுது.

அக்கா

ஜூன் 8

அன்புள்ள அக்கா,

நேற்றுவரை நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

ஆமாம்.

சாட்டிலைட் படம் எடுப்பவர்களுக்கு நாளும் நேரமும் கொடுத்தது நான்தான், எப்படித் தெரியும் என்று சொல்லவில்லை. கம்பெனி மாட்டும், மாமாவுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். நீ சொன்னபடி டைரக்டரிடம் போயிருக்கலாம். போயிருந்தால் "உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டிருப்பார். மாமா வேலை பார்க்கும் பிளான்ட்டை நானே கவனிக்கிறேன் என்பதை ஆபீஸில் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இந்தத் திட்டத்திலிருந்து என்னை எடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

பத்தொன்பதாம் தேதி கூட்டு விசாரணை. அவர்கள் பக்கம் மேனேஜர், எங்கள் பக்கம் டைரக்டரும் நானும். அங்கே நான் வாயைத் திறந்தால் இந்தக் கம்பெனி விலகிவிடும். இதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் விலகும். அடைத்த ஒழுகல்களும் இருக்கின்றன அக்கா, நிஜமாகவே இருக்கின்றன. எல்லாம் வீணாகிவிடும்.

மாமாவுக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தானே இருக்கிறது? வரவேண்டியது முழுதாக வரும் என்று சொல்கிறார்களே. கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன? மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். யோசித்துச் சொல்.

தம்பி

ஜூன் 13

தம்பிக்கு,

யோசித்தேன். உன் கடிதத்தை மாமாவிடம் காட்டவில்லை. அவர் படித்திருந்தால் உனக்காகக் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தப் பயத்தில் துணிக்கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். கைதவறித் திறந்தார் என்று எழுதினால், அவர் அங்கே வேலை பார்த்த இத்தனை வருஷத்துக்கும் என்ன பெயர்? தெருவில் போகும்போது "அதோ போறாரே, அவர்தான்" என்று சொல்வார்கள். நீ பார்த்துக்கொள்கிறேன் என்கிறாயே, அதை எப்படிப் பார்த்துக்கொள்வாய்?

கம்பெனி விலகிவிடும் என்கிறாய். காலிக் குழாயைக் காட்டிக் கை தட்டு வாங்குகிற கம்பெனி உள்ளே இருந்தால் என்ன, வெளியே போனால் என்ன? இது எனக்குப் புரியாத பெரிய விஷயம் என்று சொல்வாய். இருக்கட்டும்.

பத்தொன்பதாம் தேதி மாமா வருவார். வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டேன். நீ பேசுவாய் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அந்த நம்பிக்கை எனக்கு இல்லை.

அக்கா

ஜூன் 21

தம்பிக்கு,

எல்லோரும் நலம். மாமா இரண்டு நாளாக வயிறாரச் சாப்பிடுகிறார்.

அங்கே நடந்ததை அவர் எனக்கு மூன்று தடவை சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுகிறது. அதனால் முதல் தடவை சொன்னதை மட்டும் எழுதுகிறேன். நீ சொன்னதாக அவர் சொல்வது உண்மையா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

சிரிப்பு பேப்பரை நகர்த்தி வைத்தாராம். "மனுஷன் பண்ற தப்புதான் சார், பெருசு பண்ண வேண்டாம். நம்ம ஒத்துழைப்பு பாதிக்கக் கூடாது" என்றாராம். உன் டைரக்டர் தலையாட்டினாராம். மாமா கையில் பேனாவைக் கொடுத்தார்களாம். அப்போது நீ எழுந்தாயாம்.

"சார், இதுக்கு முன்னாடி ரெண்டு தடவையும் முந்தின நாள் குழாயைக் காலி பண்ணியிருக்காங்க. பழைய சாட்டிலைட் படங்களையும் எடுத்துப் பாருங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் அக்கா சொன்னாங்க. இவர் அவங்க வீட்டுக்காரர். ஆபீஸ்ல நான் இதை மறைச்சுட்டேன்."

அறையில் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டதாம். மாமாவுக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள். அப்புறம் சிரிப்பு, "குடும்பமே சேர்ந்து வேலை பாத்திருக்கீங்க" என்று சிரித்தாராம்.

பழைய படங்களை அங்கேயே எடுத்துப் பார்த்தார்களாம். ஒரு தேதியில் நிஜ மேகம் மறைத்திருந்ததாம். இன்னொன்றில் அதே சிவப்பு. மாமாவை மறுபடி வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். வால்வு பக்கம் இல்லை, சாமான் கிடங்கில். நேற்று வாசலில் இருந்த போர்டைக் கழற்றினார்கள். கம்பெனி விலகிக்கொண்டதாம். தெருவிளக்கு இன்னும் எரியவில்லை.

உனக்கு என்ன ஆயிற்று என்று மாமா கேட்கிறார்.

அக்கா

ஜூலை 19

அன்புள்ள அக்கா,

நலம். என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஆபீஸுக்கு நாற்காலி, மேஜை வாங்கும் பிரிவு. மேலே விசாரணை நடக்கிறது, வேலை போகாது என்கிறார்கள். இன்னும் இரண்டு கம்பெனிகள் விலகிவிட்டன. ஒன்று மட்டும், இனிமேல் தேதி சொல்லாமலே வாருங்கள் என்று எழுதியிருக்கிறதாம். அங்கே போகப்போவது நான் இல்லை.

மாமா சொன்னது உண்மைதான். அன்று எழுந்தபோது எனக்குத் திட்டமும் நினைவில்லை, நியாயமும் நினைவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு, எங்கே போடணும் என்று அவர் கேட்டார். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. மாமாவுக்காகத்தான் பேசினேன். இதையாவது நம்புவாயா அக்கா?

தம்பி

ஜூலை 26

தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் வீட்டுக்காரி கோபமாக இருப்பாள், அவளிடம் தன்மையாகப் பேசு.

நம்புவாயா என்று கேட்டிருக்கிறாய். தெரியவில்லை. வரிக்கு வரி படித்துப் பார்த்தேன். இதிலும் ஏதாவது எழுதாமல் விட்டிருக்கிறாயா என்றுதான் மனசு தேடுகிறது. அது என் குணம் மட்டுமில்லை, நீ ஏற்படுத்தியது.

ஒன்று செய். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வா. அவர் காதைச் சாக்காக வைத்து நீ என்னிடம் கேள்வி கேட்டதையும், கையெழுத்துப் போடச் சொல்லி எனக்கு எழுதியதையும் மாமா முகத்தைப் பார்த்து நீயே சொல். அவருக்கு இன்னும் தெரியாது. சொல்லி முடித்த பிறகும் அவர் உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டால் நானும் நம்புகிறேன்.

கூப்பிடுவார். அந்த மனுஷன் யார் எது சொன்னாலும் நம்புகிறவர். அதனால்தான் அந்த வால்வை அவர் கையில் கொடுத்திருந்தார்கள்.

அக்கா